மார்கழிப் பாத்தியின் அடியில்

மலாக்காவில் குளிர்காலம் கிடையாது. ஐப்பசியில் பிடிக்கும் மழை தை வரை விட்டுவிட்டுப் பெய்யும். மார்கழி விடியலில் மட்டும் காதை மூடிக்கொள்ளத் தோன்றும். கோயிலுக்குப் பூ வேண்டிய அந்த மாதத்தில்தான் நாங்கள் இருந்த காஜா பேராங்கில் பூச்செடிகள் எல்லாம் மழையில் அழுகிக் கிடக்கும். மார்கழியில் பூக்கும்படி ஒரு தோட்டம் போடலாம் என்று ஒரு வருஷம் தோன்றியது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. என் கணவர் ஜாசின் ஊருக்குப் பஸ் ஓட்டினார். வெள்ளைக்காரன் அவசரகாலம் அறிவித்திருந்த சமயம். காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுகள் பஸ்ஸை மறித்துக் கொளுத்தினார்கள் என்று அடிக்கடி கேள்விப்படுவோம். அவர் கிளம்பிப் போனால் திரும்பி வரும்வரை என் கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு செட்டி அக்கா இருந்தாள். பல தலைமுறையாக மலாக்காவிலேயே வாழும் குடும்பம். அவளுக்குத் தமிழ் வராது, பேச்செல்லாம் மலாயில்தான். செண்டுப்பூ விதையும் கோழிக்கொண்டை விதையும் அவள் கொடுத்தவை. தண்ணீர் தேங்காமல் இருக்க மண்ணை முழங்கால் உயரத்துக்கு மேடாக்கி, மேலே அத்தாப்பு ஓலையில் சிறு கூரை போட வேண்டும் என்றும் சொன்னாள். இரண்டு பாத்தி முடித்துவிட்டேன். மூன்றாவதற்குக் கொத்தும்போது மண்வெட்டி எதிலோ ‘டங்’ என்று இடித்தது.

ரப்பர் ஷீட்டில் சுற்றிய பிஸ்கட் டின். திறந்தேன். உள்ளே துப்பாக்கித் தோட்டாக்கள், பச்சை பூத்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

ஒரு தோட்டா கையில் இருந்தாலே தூக்கு என்று ஊரெல்லாம் பேசிக்கொண்ட காலம் அது. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் வந்தவரிடம் சொன்னேன். அவர் முதலில் ஜன்னலைச் சாத்தினார்.

"ஜப்பான்காரன் காலத்துல எவனோ பொதைச்சிருக்கான். நாம வாடகைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆவல. ஆனா போலீசு மாத்தா நம்புவானா?"

"ஆத்துல போட்டுறலாமாங்க?"

"வழியில நிறுத்தி பையத் தொறக்கச் சொன்னா? வேணாம். ஆழமாப் பொதைச்சிட்டு மேல செடிய நடு. யார்கிட்டயும் வாயத் தொறக்காத."

இருட்டில் அவசரமாக, மேட்டு மண்ணிலேயே புதைத்து மேலே செடியை நட்டேன். அதற்குப்பின் தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் அடுப்பை விட்டுவிட்டுப் பின்வாசலுக்கு ஓடுவேன். ரோந்து வரும் போலீஸ்காரர் ஒருவர் வேலியருகே நின்று, "சந்தேக் பூங்கா" என்று பூச்செடியின் அழகைப் பாராட்டினார். சிரிக்க வேண்டும் என்று தெரிந்தது, உதடு அசையவில்லை. செடி எவ்வளவு செழிக்கிறதோ அவ்வளவு பயமாக இருந்தது, எல்லோரும் அதையே பார்க்கிறார்களே என்று.

கார்த்திகையில் இரண்டு நாள் ஓயாத மழை. காற்று ஓலைக் கூரையைத் தூக்கிக்கொண்டு போக, மேடு கரைந்து வழிந்தது. மறுநாள் காலையில் அக்காவின் கோழிகள் வேலியில் நுழைந்து அதே பாத்தியைக் கிளறின. விரட்ட வந்த அக்கா குனிந்து, "அப்பா இனி?" என்று கேட்டாள். என்ன இது என்று அர்த்தம். ரப்பர் ஷீட்டின் முனை வெளியே தெரிந்தது. அவள் கை அதைத் தொடப் போனது.

"தொடாதக்கா!" என்று தமிழில் கத்திவிட்டேன். வார்த்தை புரியாவிட்டாலும் என் முகம் அவளுக்குப் புரிந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் மலாயில் சொன்னேன்.

அவள் கோழிகளை வேலிக்கு அப்பால் விரட்டினாள். பிறகு சொன்னாள்: ஜப்பான் சிப்பாய்கள் இந்த வீட்டில்தான் தங்கியிருந்தார்கள், தெருவுக்கே தெரியும். அதோடு, என் பிள்ளைகள் இந்தக் கொல்லையில்தான் ஓடி விளையாடுகிறார்கள் என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்கு உறைத்தது. கணவரைக் கேட்கக் காத்திருக்கவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். "ஜாங்கான் தாகூட்," பயப்படாதே என்று சொல்லிக்கொண்டே அக்காவும் கூட நடந்தாள். என் முழங்கையைப் பிடித்திருந்த அவள் விரல்களும் சில்லிட்டிருந்தன.

வந்தார்கள், தோண்டினார்கள், டின்னை எடுத்தார்கள். மூன்றாவது பாத்தி முழுக்கப் பிடுங்கப்பட்டது. கணவரைப் பஸ் ஸ்டாண்டிலேயே வைத்து அழைத்துப் போய்விட்டார்கள் என்று கண்டக்டர் வந்து சொன்னார். அன்று பகல் முழுவதும் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். நான்தான் அவரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேனோ என்று திரும்பத் திரும்ப நினைத்தேன். அக்கா தனியே போலீஸில் சாட்சி சொல்லிவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் தெருமுனையில் தெரிந்தார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுக் குவளையைக் கீழே வைத்தார்.

"அந்தப் பக்கத்து வீட்டுப் பொம்பள சொன்னதாலதான் விட்டானுங்க," என்றார். "வேற எவனாவது பாத்துப் போய்ச் சொல்லியிருந்தா, ஏன் நீயா வந்து சொல்லலன்னு கேட்டிருப்பானுங்க. நீ போனதுதான் சரி."

மிச்சம் இருந்த இரண்டு பாத்திகளும் மார்கழி பிறந்ததும் பூத்தன. மஞ்சளும் சிவப்புமாக, மழையில் நனைந்தபடி. பறிக்க நான் போகவில்லை. அந்த மண்ணில் கால் வைக்கத் தை பிறக்கும்வரை எனக்குத் தைரியம் வரவில்லை. அக்காதான் விடியலில் கூடையோடு வந்து பறித்துக் கோயிலுக்குக் கொண்டுபோனாள். நான் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.