அகலமாக வெட்டிய வாசல்

பீலெஃபெல்ட் நகரில் நான் வேலைக்குப் புறப்படும் நேரம், ஸ்கொட்லாந்துக்குச் சுற்றுலா போன மகள் வீடியோவில் அழைத்தாள்.

"அப்பா, பாருங்கோ! ரெண்டாயிரம் வருஷத்துக்கு முதல் மண்ணுக்குக் கீழ கல்லால கட்டினது."

அவள் குனிந்து உள்ளே நுழைந்தாள். கல்லெல்லாம் ஈரமாக இருந்தது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவில் விமானக் குண்டுக்குப் பதுங்க அப்பா வெட்டிய பங்கருக்குள்ளும் ஈரம் கசியும். கூரையாக அடுக்கிய பச்சைப் பனங்குற்றி மணக்கும். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒரு பகல் விமானம் இரைந்து வந்தபோது அப்பா என்னை முதலில் உள்ளே இறக்கினார். எட்டு மாதக் கர்ப்பிணியான அம்மாவால் அந்த ஒடுங்கிய வாசலுக்குள் குனிய முடியவில்லை.

"எனக்கு ஏலாது. நீங்கள் பிள்ளையோட இருங்கோ."

அப்பா கேட்கவில்லை. வெளியே அம்மாவை அணைத்தபடி குந்தியிருந்தார். உள்ளேயிருந்த எனக்கு அவர்களுடைய கால்கள் மட்டுமே தெரிந்தன. பக்கத்து ஒழுங்கையில் குண்டு விழுந்தது. மண் கொட்டக் கொட்டக் கத்தினேன்.

இருவருக்கும் காயமில்லை. இரண்டு நாளில் தங்கை பிறந்தாள். அவள் அழவேயில்லை; மூச்சும் இல்லை.

அடுத்த கிழமை அப்பா மண்வெட்டியுடன் இறங்கி அந்த வாசலை அகலமாக்கினார். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்குக் கட்டினவை எண்டு ஒருத்தருக்கும் சரியாத் தெரியாதாம், அப்பா," என்றாள் மகள்.

"வெளியில வா, பிள்ளை."

"ஏன் அப்பா?"

"வாசல் ஒடுக்கமா இருக்கு," என்றேன்.