விரலில் வந்ததை மட்டும் எழுதியவர்

போன செவ்வாய்க்கிழமை காலை மயிலாப்பூர் மாட வீதியில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். நம் ரத்த வங்கியின் பழைய ஊழியர்கள் குழுவில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது: "கற்பகம் மேடம் போயிட்டாங்க." நான் "எங்கே?" என்று தட்டி அனுப்பினேன். ரத்த தான முகாம் என்றால் வேளச்சேரி, திருவல்லிக்கேணி என்று எங்கேயாவது கிளம்பிப் போய்க்கொண்டே இருந்தவர்தானே. பதில் வர ஒரு நிமிடம் ஆனது. ஆதம்பாக்கம் வீட்டில், மாரடைப்பு, அறுபத்திரண்டு வயது. கீரைக்கட்டோடு வழியை மறித்து நின்ற என்னை ஒரு ஸ்கூட்டர்காரர் திட்டிவிட்டுப் போனார்.

பத்தொன்பது வருடங்கள் நாங்கள் ஒரே ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டோம். அவர் டெக்னீஷியன், நான் டாக்டர். காகிதத்தில் நான் மேலதிகாரி. உண்மை நிலவரம் அங்கே வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும்.

நான் சேர்ந்த முதல் நாளே ஊழியர் பதிவேட்டுக்காக என் ரத்தப் பிரிவைக் கேட்டார். பி பாசிட்டிவ் என்றேன். ஊசியை எடுத்தார். "நான் எம்.டி. படித்தவன் அம்மா, எனக்குத் தெரியாதா?" என்றேன். "வாயில வர்ற குரூப் எனக்கு வேணாம் டாக்டர். விரல்ல வர்றது போதும்" என்று சொல்லிக்கொண்டே குத்தினார். பி பாசிட்டிவ்தான் வந்தது. அதற்காக அவர் வருத்தம் ஒன்றும் தெரிவிக்கவில்லை. அட்டையில் இருக்கிறது, ஆதாரம் இருக்கிறது என்று யார் எதைக் காட்டினாலும் அவருக்கு அது வெறும் காகிதம்.

கொரோனா ஓய்ந்த சமயம் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் முகாம் போட்டோம். கடை முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தன் மகளுக்கு ஓ நெகட்டிவ் என்று கேட்டதும் முதலில் சந்தோஷப்பட்டார். "நெகட்டிவ்னா நல்லதுல்லா? கொரோனாவுல அப்படித்தான சொன்னாவ?" பிறகு யோசித்துவிட்டு, "நானும் பாசிட்டிவ், வீட்டுலயும் பாசிட்டிவ். பிள்ளைக்கு மட்டும் எப்படி? தப்பாப் பாத்துட்டியளோ?" என்றார். நான் மரபணு என்று தொடங்குவதற்குள் கற்பகம் பில் தாளைக் கிழித்து நான்கு சீட்டு செய்துவிட்டார்.

"அப்பாகிட்ட ரெண்டு சீட்டு, அம்மாகிட்ட ரெண்டு சீட்டு. ஆளுக்கு ஒண்ணுதான் குழந்தைக்குக் குடுக்க முடியும். ப்ளஸ் சீட்டு வாயாடி. ஒண்ணு இருந்தாலே பாசிட்டிவ்னு கத்திடும். மைனஸ் கம்முனு இருக்கும். உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரு மைனஸ் கம்முனு இருந்திருக்கு. அது ரெண்டும் பொண்ணுக்கு வந்திருச்சு, அவ்ளோதான்."

முதலாளிக்குப் புரிந்துவிட்டது. உடனே, "மாப்பிள்ளை வீட்டுல சொல்ல வேண்டாம்லா?" என்று குரலைத் தாழ்த்தினார். கற்பகத்துக்குக் கோபம் வந்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று. "கண்டிப்பா சொல்லணும். நாளைக்கு மாசமானா டாக்டர்கிட்ட முதல் வார்த்தையே இதுதான் இருக்கணும். வயித்துல இருக்கறது பாசிட்டிவா இருந்தா ஊசி போடணும், இல்லைன்னா அடுத்த குழந்தைக்கு ஆபத்து. மறைக்கிற சமாசாரமா இது?" அந்தப் பெண்ணையே தனியாகக் கூப்பிட்டு, இதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் விட்டார்.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் மானம் போகிற விஷயம். ஆனால் இதை விட்டுவிட்டுக் கற்பகத்தைப் பற்றி எழுதினால் அது பாதிக் கற்பகம்தான்.

ஏழு வருடங்களுக்கு முன்னால், ஊரூர் குப்பத்திலிருந்து தேசிங்கு என்ற ஷேர் ஆட்டோ ஓட்டுநர் மகளின் ரிப்போர்ட் வாங்க வந்தார். எல்.கே.ஜி. அடையாள அட்டையில் போட ரத்தப் பிரிவு வேண்டுமாம். குழந்தைக்கு ஓ பாசிட்டிவ். "எனக்கு ஏபி சார், பாப்பாவுக்கு எப்டி ஓ?" என்று கேட்டார். நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஏபி அப்பாவுக்கு ஓ குழந்தை பிறக்காதே" என்றேன். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அபூர்வமான விதிவிலக்குகளை விட்டால், ஏபிக்காரர் குழந்தைக்கு ஏ-யையோ பி-யையோ கொடுத்தே ஆக வேண்டும். நான் நிமிர்ந்தபோது ஆள் போய்விட்டிருந்தார்.

மறுநாள் அவர் மனைவி அமுதா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "இன்னா சார் சொன்ன நீ அவராண்ட? நேத்துலேந்து புள்ளைய தொடமாட்றாரு. உங்கம்மா வூட்டுக்குப் போன்னு சொல்றாரு. ஒரு வார்த்தைல என்னைத் தெருவுல நிறுத்திட்டியே சார்!" கற்பகம் வந்து அவளை உட்காரவைத்தார். அவளுக்கும் ரத்தம் பார்த்தார். பி பாசிட்டிவ். பிறகு கேட்டார்: "உங்க வீட்டுக்காரருக்கு ஏபின்னு யார் பாத்தாங்க?"

"லைசென்சுல கீதும்மா."

"லைசென்சு ரத்தம் பாக்காதும்மா. அவருக்கு நான் பாக்கட்டுமா? நீ சரின்னாதான்."

"பாரு. எனக்கு இன்னா பயம்?"

"நீங்களும் வாங்க டாக்டர்" என்றார் என்னிடம். போகிற வழியில் நான் மெதுவாக, "ஏபியாகவே வந்துவிட்டால்?" என்றேன். "வந்தா வந்ததைத்தான் சொல்வேன். அந்தப் பொண்ணை விட்டுட்டு வர மாட்டேன்" என்றார்.

படகுகளுக்குப் பக்கத்தில் ஆட்டோவுக்குள் தேசிங்கு படுத்திருந்தார். லைசென்சில் ஏபி என்று யார் எழுதினார்கள் என்று கற்பகம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார். "டிரைவிங் ஸ்கூல்காரரு ஃபாரம் ரொப்பசொல்ல, ஏ-வா பி-யான்னு கேட்டாரு மேடம். தெரியாதுன்னேன். சரி, ரெண்டையும் போட்டுக்கறேன்னாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கற்பகம் சிரிக்கவில்லை. "வண்டிய எடுங்க" என்றார். அமுதா, குழந்தை, நாங்கள் எல்லோரும் அதே ஆட்டோவில் வந்தோம்.

தேசிங்கின் கண் முன்னாலேயே கண்ணாடித் தட்டில் சொட்டு வைத்தார். ஏ-க்கான மருந்து விட்ட பக்கம் ரத்தம் மணல் மணலாகத் திரண்டது, பி பக்கம் அப்படியே இருந்தது. சோதனைக் குழாயிலும் ஒரு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டார். ஏ பாசிட்டிவ். மறுபடியும் சீட்டு. "உங்க ஏ-க்குப் பின்னாடி ஒரு ஓ, அவங்க பி-க்குப் பின்னாடி ஒரு ஓ. ரெண்டு ஓவும் சேர்ந்தா குழந்தை ஓ."

தேசிங்கு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப பாப்பா என்னுதுதான்னு எழுதிக் குடுங்க மேடம்" என்றார். அங்கே நானாக இருந்தால் எழுதிக் கொடுத்துத் தொலைத்திருப்பேன். கற்பகம் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "இது அப்பா யாருன்னு சொல்லாது. இப்படியும் பொறக்கலாம்னுதான் சொல்லும். மிச்சத்தைச் சொல்ல வேண்டியது நீங்க. இவ்ளோ நாள் யாரைக் கேட்டுக்கிட்டு அவளைத் தூக்கி வச்சுக்கிட்டீங்க?" தேசிங்கு குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவசரப்பட்டுப் பேசிவிட்டதாகச் சொன்னேன். அவர்கள் வெளியே போனதும் கற்பகம் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அவர்கிட்ட சொன்னீங்க டாக்டர். அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணுமே சொல்லலையே."

ஓடிப்போய்ப் பார்த்தேன், ஆட்டோ போய்விட்டது. நாளைக்குப் போகலாம் என்று நினைத்தேன். அந்த நாளை ஏழு வருடமாக வரவில்லை. கற்பகமும் அதைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

தகனம் முடிந்த மறுநாள் காலை குப்பத்துக்குப் போனேன். அமுதா மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொல்லி, உன்னிடம் மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன். அவள் விழித்தாள்.

"இன்னா சார், எத்தினி தபா கேப்ப? அன்னிக்கு சாயங்காலமே அந்த அம்மா வந்துச்சே. டாக்டர் வெட்கப்படறாரு, அதான் என்னை அனுப்பிச்சாரு, உங்கிட்ட மன்னிப்பு கேக்க சொன்னாருன்னுச்சு. எங்க மாமியாரு, அக்கம்பக்கம் அல்லாரும் இருக்கசொல்லதான் சொல்லிச்சு. அதுக்கப்புறம் எவளும் என்னை ஒரு வார்த்த பேசல." பிறகு கேட்டாள்: "நல்லா கீதா சார் அந்த அம்மா?"

சொன்னேன். அமுதா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

நண்பர்களே, கற்பகத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான். நான் கேட்காத மன்னிப்பை என் பெயரில் ஒரு தெருவே பார்க்கக் கேட்டுவிட்டு வந்து, மறுநாள் காலை எதுவும் நடக்காதது போல எனக்கு வணக்கம் சொன்னவர் அவர்.