கீழே இறங்காத கை

ஆர்வில் கிரெப்ஸ் அதுவரை நூற்றுப் பதினேழு முறை செத்திருந்தார். குதிரையிலிருந்து விழுந்து செத்தார். விஷம் குடித்துச் செத்தார். ஒரு முறை, மேலே வராத லிஃப்டின் கதவைத் திறந்து, பேசிக்கொண்டே உள்ளே காலை வைத்துச் செத்தார். கணக்கு வைத்திருந்தது அவரேதான். வேறு யாரும் அந்த வேலைக்கு முன்வரவில்லை.

தொலைக்காட்சித் தொடர்களுக்கு வாரம் ஒரு வில்லன் வேண்டும். கதாநாயகன் அடுத்த வாரமும் வருவான். வில்லன் இருபத்தைந்தாவது நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அப்படிப் போய்ச் சேர்வதற்கென்றே ஹாலிவுட்டில் இருந்தவர் ஆர்வில். முகத்தை நாடே அறியும். பெயரைத் தபால்காரர் அறிவார். மளிகைக் கடையில் பெண்கள் உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க எங்க அக்கா குடியிருந்த வீட்டோட சொந்தக்காரர்தானே?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவார். உண்மையைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

மனைவி வெர்னா அவர் நடித்த எந்தக் கதையின் முடிவையும் பார்த்ததில்லை. சாவு நெருங்கும்போது எழுந்து பெட்டியை அணைத்துவிடுவாள். தன் மேல் எவ்வளவு அன்பு என்று ஆர்வில் கண் கலங்கினார். "நீ சாகறதுக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கறே ஆர்வில். அடுப்புல கறி தீயுது," என்றாள் அவள்.

அறுபத்தாறாம் ஆண்டு மார்ச் மாதம், மூன்று மாத மௌனத்துக்குப் பிறகு தொலைபேசி மணி அடித்தது. எந்தக் கதவைத் திறந்தாலும் தப்பான அறைக்குள் நுழைந்துவிடும் ஓர் உளவாளியைப் பற்றிய நகைச்சுவைத் தொடர். அதில் ஆர்வில், சலவைக்கூடம் நடத்தும் டாக்டர் ஷ்னெக். சட்டைக் காலரில் ராணுவ ரகசியங்களை வைத்துக் கஞ்சி போட்டு வெளிநாட்டுக்குக் கடத்துபவர். ஆர்வில் பேசிய உச்சரிப்பு எந்த நாட்டுடையது என்று யாருக்கும் தெரியாது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பிறந்த அவர் அதைத் தன் பல் வைத்தியரைக் கேட்டுக் கற்றிருந்தார்.

அந்தத் தொடரில் போன வருடம் ஒரு வில்லன் சாகாமல் தப்பித்தான். அவனை இதுவரை ஆறு முறை திரும்ப அழைத்துவிட்டார்கள். முதுகில் பெயர் எழுதிய நாற்காலிகூட அவனுக்கு உண்டு. ஆர்வில் தினமும் அந்த நாற்காலியைத் தாண்டிப் போனார். வயது ஐம்பத்தாறு. ஒரே ஒரு தடவை தப்பித்தால் போதும் என்று தோன்றியது. ஆனால் தன் கையிலிருந்த கதையின் கடைசிப் பக்கத்தில், 'ஷ்னெக் கஞ்சித் தொட்டியில் விழுந்து சாகிறார்' என்றுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவர் ஒப்பனை அறைக் கதவடியில் ஒரு நீலத் தாள் கிடந்தது. கதை வெள்ளைத் தாளில் வரும், திருத்தம் நீலத் தாளில் வரும். ஒரு வாரம் வந்துபோகும் நடிகனுக்குத் திருத்தம் என்றால் ஒரே அர்த்தம்தான்: வசனத்தை வெட்டிவிட்டார்கள். அதனால் காட்சி முடிவதற்கு முன் நீலத் தாளைப் படிப்பதில்லை என்பது ஆர்விலின் முப்பது வருட விரதம். அதன் மேல் டோனட்டை வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலை அவர் செத்தது அவர் வாழ்நாளிலேயே சிறந்த சாவு. தொட்டியில் விழுந்தார், எழுந்தார், தாயை நினைத்தார், கஞ்சியைக் குடித்தார், மறுபடி விழுந்தார். கை மட்டும் தொட்டிக்கு மேலே எழுந்து நடுங்கிச் சரிந்தது. மறுபடி எழுந்தது. மூன்றாம் முறையும் எழுந்தபோது ஒளிப்பதிவாளர் சிரிப்பை அடக்கத் தொப்பியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"கட்," என்றார் இயக்குநர் ஹார்ட்விக். பிறகு, "கிரெப்ஸ், நீ என்ன பண்ணினே?" என்று கேட்டார்.

"செத்தேன்."

"ஏன்?"

முப்பது வருடத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி.

காட்சித் தொடர்ச்சியைக் குறித்துவைக்கும் ஐடா ஸ்பிவாக் தன் நீலத் தாளை நீட்டினாள். 'ஷ்னெக் கஞ்சியில் விறைத்து, சலவை வண்டியில் ஏறித் தப்பிக்கிறார். திரும்ப வருவார்.'

முதலில் எல்லோரும் அவர் எழுந்து ஓடுவார் என்று காத்திருந்தார்களாம், பிறகு சிரிப்பில் நிறுத்தத் தோன்றவில்லையாம். மாற்று உடை இல்லை. ஆறு மணிக்கு அரங்கைப் பிரிக்க ஆட்கள் வருவார்கள். ஆர்வில் தன்னைத் தானே கொன்றுவிட்டார், அதுவும் இரண்டே கால் நிமிடம் எடுத்துக்கொண்டு. கண்ணீர் வழிந்து முகத்துக் கஞ்சியில் இரண்டு கோடு போட்டது. விளக்குக்காரர் ஒருவர் அதற்கும் சிரித்தார்.

"சார், நான் முழுசா சாகல," என்றார் ஆர்வில். தன் காதுக்கே அது பரிதாபமாகக் கேட்டது.

ஐடா குறிப்பேட்டைப் புரட்டினாள். "அவர் சொல்றது சரிதான். மூணாவது தடவை கை கீழ வரவே இல்ல. நீங்க கட் சொல்றப்ப மேலதான் நின்னுது."

"மூணு தடவை எதுக்குய்யா தூக்கினே?" என்றார் ஹார்ட்விக்.

ஆர்விலுக்கு வெட்கமாக இருந்தது. "ரெண்டாவது தடவை கேமரா என்னைப் பாக்கலையோன்னு ஒரு சந்தேகம் சார்."

"செத்தவன் கை அப்படி நிக்காது," என்றாள் ஐடா, யாரையும் பார்க்காமல்.

ஹார்ட்விக் கடிகாரத்தைப் பார்த்தார். முகமும் வேண்டாம், உடையும் வேண்டாம், கை மட்டும் போதும் என்றார். சலவை வண்டியில் அழுக்குத் துணிக்கு அடியில் ஆர்விலைப் படுக்கவைத்தார்கள். விறைத்த கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, வண்டி மெல்ல உருண்டு கதவைத் தாண்டிப் போனது. உலக சரித்திரத்தில் இப்படி ஒரு தப்பித்தல் நடந்ததில்லை என்று துணிக்கு அடியில் அவர் விம்மினார். வாயில் ஒரு காலுறை இருந்தது.

மே மாதம் அது ஒளிபரப்பானது. டாக்டர் ஷ்னெக் தொட்டியின் விளிம்பில் தள்ளாடியதும் வெர்னா வழக்கம்போல் எழுந்தாள்.

"இன்னிக்கு உட்காரேன் வெர்னா."

"கறி தீஞ்சிடும்."

"தீயட்டும்."

நின்றபடியே பார்த்தாள். கை எழுந்தது, சரிந்தது, எழுந்தது. அவள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் ஏப்ரனை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை என்பது ஆர்விலுக்கு அப்போதுதான் உறைத்தது. சமையலறையிலிருந்து எந்த வாசனையும் வரவில்லை. இத்தனை வருடமும் வந்ததில்லை.

வண்டி உருண்டது. கை வெளியே போனது. வெர்னா திரையருகே குனிந்தாள்.

"ஆர்வில், கல்யாண மோதிரத்தைக் கழட்டாமலா நடிச்சே?"

அவர் தன் விரலைப் பார்த்துக்கொண்டார். வில்லன்களுக்கு மனைவி கிடையாது. ஒவ்வொரு சாவுக்கு முன்பும் மறக்காமல் கழற்றிவைப்பவர், தப்பித்த அன்றைக்கு மறந்துவிட்டார்.

திருமதி ஷ்னெக் யார் என்று கேட்டு நேயர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. கதை எழுதுபவர்களுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. செப்டம்பரில் ஆர்விலைத் திரும்ப அழைத்தார்கள், ஒரு மனைவியோடு. அவள் பாத்திரத்துக்குத்தான் வசனம் அதிகம்.