இலவச முயலும் இருபது ரூபாய் முயலும்

பின்னல் வேலையில் கை வலிக்கும், கழுத்து பிடிக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்; பின்னியதை எழுதிக் கொடுத்தால் பயமும் பிடிக்கும் என்று ஒருவரும் சொல்வதில்லை. எத்தனை கண்ணி போடுவது, எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்று வரிசை வரிசையாக எழுதும் தாளுக்குப் பேட்டர்ன் என்று பேர். கடத்தூரில் உட்கார்ந்து அதை ஆன்லைனில் போடுகிறவள் நான். உங்களில் யாராவது எழுதி முடித்துவிட்டு, போடலாமா வேண்டாமா என்று போனையே வெறித்துக்கொண்டிருந்தால், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

முதல் தாள்

ஐந்து வயது மகளுக்கு உல்லன் நூலில் ஒரு முயல் பின்னி, படத்தைப் பின்னல் குழுவில் போட்டேன். உடனே ஆளாளுக்குப் பேட்டர்ன் கேட்டார்கள். விலை வைத்தால், ‘இதுக்கெல்லாமா காசு’ என்பார்களோ என்று பயம். சும்மா கொடுத்தால் வேறு யாராவது தன் பேரைப் போட்டுக்கொள்வார்களோ என்று பயம். இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில், அடியில் என் பேரையும் நம்பரையும் எழுதி இலவசமாகவே போட்டுவிட்டேன். தாராளம் என்று நினைக்க வேண்டாம், விலை சொல்லத் தைரியம் வரவில்லை. பொம்மிடியில் டீச்சராக இருக்கும் என் தோழி சுமதிக்கு அது புரிந்துவிட்டது.

“சும்மா குடுத்தா நன்றி சொல்லுவாங்க, காசுக்குக் குடுத்தா தப்பு கண்டுபிடிப்பாங்க. நீ எதுக்குப் பயந்தன்னு எனக்குத் தெரியும்டி.”

ஓசூர் போன்

ஆறு மாதம் கழித்து ஒரு மத்தியானம், தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண் பேசினாள். ஓசூராம். “முயல் பேட்டர்ன் எழுதுனது நீங்கதானுங்களா?” என்றாள். பாராட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று, “ஆமாங்க, நான்தான்” என்றேன் சந்தோஷமாக.

அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பத்து மாதப் பையன் முயலைக் கடித்துக்கொண்டிருந்தானாம். திடீரென்று சத்தமே இல்லையாம். திரும்பிப் பார்த்தால் முயலுக்கு ஒரு கண் இல்லை. வாய்க்குள் விரலை விட்டு, கண்ணாகத் தைத்திருந்த பட்டனை எடுத்திருக்கிறாள். இதையெல்லாம் மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள்.

போனைக் காதில் வைத்தபடியே தாளை எடுத்துப் பார்த்தேன். ‘கண்ணுக்கு இரண்டு கறுப்புப் பட்டன் தைக்கவும்.’ அவ்வளவுதான் எழுதியிருந்தேன். கைக்குழந்தைக்கு என்றால் பட்டன் கூடாது, நூலிலேயே கண் தைக்க வேண்டும். பின்னுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும். மகள் பெரியவள் என்பதால் எழுதத் தோன்றவில்லை. பையன் நன்றாக இருக்கிறானா என்று மூன்று தடவை கேட்டேன்.

“நல்லா இருக்கானுங்க. எங்க அபார்ட்மெண்ட்ல இன்னும் நாலு பேரு இதே முயலப் பின்னிட்டு இருக்காங்க, அவங்களுக்கு நான் சொல்லிடறேன். மத்தவங்களுக்கு யாருங்க சொல்லுவாங்க?”

பாலக்கோட்டில்

திருத்திய தாளைக் குழுவில் போட்டேன். ஆனால் பழைய தாள் எங்கெங்கே போயிருக்கிறதோ, யார் கண்டது? பாலக்கோட்டில் ஒரு நூல் கடையில் உல்லன் வாங்கினால் முயல் பேட்டர்னை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று குழுவில் ஒருத்தர் சொன்னார். “நீயாப் போயி நான்தான் எழுதுனேன்னு ஒத்துக்கிட்டு, நாளைக்கு எதாச்சும் ஆனா?” என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் அதே பயம்தான். இருந்தாலும் பாலக்கோட்டுக்குப் பஸ் ஏறினேன்; வழியில் இரண்டு நிறுத்தங்களில் இறங்கிவிடலாமா என்று எழுந்தேன்.

கடைக்கார அம்மாவின் மேசையில் கட்டாகத் தாள் இருந்தது. ஜெராக்ஸில் அடிப்பகுதி வெட்டுப்பட்டு, என் பேர், நம்பர் எதுவும் இல்லை. “யாரு எழுதுனதோ தெரியலைங்க, நல்ல மனசு, சும்மாவே குடுத்திருக்காங்க” என்று ஒன்றை என்னிடமே நீட்டினார். நான்தான் என்றேன், பட்டன் விஷயத்தையும் சொன்னேன். மேலும் கீழும் பார்த்தார். பேனா வாங்கி ஒவ்வொரு தாளிலும் அந்த வரியை அடித்து, ஓரத்தில் திருத்தி எழுதினேன். அதைப் பார்த்த கடைக்கார அம்மா, வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட ஆரம்பித்தார். நடுவில் என்னைப் பார்த்துச் சொன்னார்:

“நல்லாருக்குன்னு பேரு வாங்க வந்திருந்தா நம்பியிருக்க மாட்டேங்க. தப்பு இருக்குன்னு தேடி வந்திருக்கீங்க பாருங்க, நீங்களேதான் எழுதியிருப்பீங்க.”

நம்பர் கேட்ட பாவம்

அதன் பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். தாள் யாரிடம் போகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். ‘இலவசம்தான், போன் நம்பர் மட்டும் கொடுங்கள்’ என்று போட்டேன். ஒருவரும் கொடுக்கவில்லை. “நம்பர் எதுக்குங்க, லோன் குடுக்கப் போறீங்களா?” என்று கேட்டார்கள். அவர்களுக்கும் பயம் இருக்காதா? சுமதி யோசனைப்படி இருபது ரூபாய் விலை வைத்தேன். காசு கட்டியவர்கள் நம்பரைத் தாங்களே அனுப்பி, தாள் எப்போது வரும் என்று விரட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் கண்ணை நூலில் தைக்கச் சொல்லித் தனியாக எழுதி அனுப்புகிறேன். முன்பு என்னை வாயாரப் புகழ்ந்த ஒரு பெண் குழுவில் இப்படி எழுதினாள்:

“தங்கமான மனசுன்னு நெனச்சேன் அக்கா, இருபது ரூபாய்க்கு மாறிட்டீங்களே.”

போன் அடித்தால் என்ன ஆனதோ என்று ஒரு பயம், ஒரு வாரம் யாருமே கூப்பிடாவிட்டால் ஆனதைச் சொல்லாமல் விட்டார்களோ என்று அதைவிடப் பெரிய பயம் என்று இருக்கிறவள், அந்த இரண்டு பயத்துக்கும் சேர்த்துத்தான் இருபது ரூபாய் வாங்குகிறேன் என்றால் யார் நம்பப் போகிறார்கள்?