சிரிக்கிற ஷாட்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் இது நடந்தது. ஜான்சன் இன்னும் செங்கல்பட்டில்தான் இருக்கிறான், சினிமாவில் இல்லை. போய்க் கேட்டால் கொஞ்ச நேரம் தரையைப் பார்ப்பான். பிறகு உள்ளே போய்விடுவான். அவ்வளவுதான் அவன் பதில்.

2002, ஐப்பசி மாதம். பொத்தேரியில் கல்லூரிப் பையன்களின் சட்டைகளுக்கு வருஷக்கணக்கில் இஸ்திரி போட்டுச் சலித்தவனுக்கு ஒருவழியாகச் சினிமாவில் வேலை கிடைத்தது. உடைப் பிரிவில் உதவியாள். மறுநாள் விடிந்தால் மாமல்லபுரம் கடற்கரையில் படப்பிடிப்பு, அதுதான் அவனுக்கு முதல் நாள். அதற்கான துணிகளைத் தேய்த்து வைக்கச் சொல்லி, சவுக்குத் தோப்புக்குள் இருந்த வாடகை வீட்டில் காலையிலேயே அவனைக் கொண்டுவந்து விட்டார் காஸ்ட்யூமர் லட்சுமணன்.

“இருட்டறதுக்குள்ள அல்லாம் ஹேங்கர்ல தொங்கணும். ஒரு சுருக்கம் கீதுன்னு வெச்சிக்கோ, திரும்ப பொத்தேரிக்கே பஸ் ஏறிக்க.”

“சரி அண்ணாத்த.”

“நாஸ்தா துன்னியா?”

“வேல முடியட்டும் அண்ணாத்த.”

“அடேங்கப்பா! வந்தவுடனே ஹீரோ டயலாக்கு.”

வேன் போய்விட்டது. பிறகு அலைச் சத்தம் மட்டும்.

நின்றபடியே தேய்த்து மதியம் மூன்று மணி ஆயிற்று. இமை கனத்தது. துணிப்பெட்டியின் அடியில் ஒரு மஞ்சள் சேலை. போன படத்துத் துணி. தேய்த்து மாட்டினான். இன்னொரு சட்டையை முடித்துவிட்டுத் திரும்பினால்... சேலை கசங்கியிருந்தது. யாரோ கட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்த மாதிரி.

மறுபடி தேய்த்தான். மறுபடி கசங்கியது. இந்த முறை ஓரத்தில் ஈரம்.

தொட்டான். மணல்.

பயப்படக்கூட அவனுக்குத் தெம்பில்லை. வேலை போய்விடுமே என்ற நினைப்புதான். மேசையில் விரித்து மூன்றாம் முறை தேய்க்கத் தொடங்கினான்.

சொட்.

பின்னால்.

சொட்... சொட்...

“புதுசாப்பா?”

துணிப்பெட்டியின் மேல் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். தலை ஈரம். உடம்பில் அதே மஞ்சள் சேலை. தண்ணீர்க் காட்சிக்கு ஒரே மாதிரி இரண்டு வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான். துணை நடிகை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். முகத்தில் அப்படி ஓர் அசதி.

“நாளைலேர்ந்துக்கா.”

“எப்பப்பா எடுப்பாங்க?”

“எதக்கா?”

“சிரிக்கிற ஷாட்டு.”

அவன் விழித்தான். அவளே சொன்னாள். பிணமாக நடித்தவர், காட்சி முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் எடுத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். இல்லையென்றால் சாவு கூடவே வருமாம்.

“மழ வந்துட்ச்சி. அப்டியே பேக்கப்புன்னுட்டாங்க. ஒக்காந்துகினே கீறேன்...”

ஜன்னலில் வெளிச்சம் குறைந்தது. இவள் போனால் போதும் என்றிருந்தது ஜான்சனுக்கு.

“என்னப் பாத்து சிரிச்சிட்டுப் போக்கா. வேல கீது.”

“அது செல்லுமா?”

“செல்லும், செல்லும்.”

அவள் சிரித்தாள். அசதியெல்லாம் இறங்கிய சிரிப்பு.

அவன் குனிந்து நிமிர்ந்தான்.

பெட்டியின் மேல் யாருமில்லை. சேலையில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. வந்ததுமே பேய் என்றால் யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்?

ஒரு வாரம் போயிருக்கும். லட்சுமணன் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். படப்பிடிப்பின் முதல் நாள் எடுத்த பிலிம் ரோலைக் கழுவிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில், யாரும் எடுக்காத ஒரு துண்டு. அந்த வாடகை வீட்டு அறை. மஞ்சள் சேலைக்காரி ஒருத்தி கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

“கல்யாணிடா அது. போன படத்துல, இதே கடற்கரைல பொணமா படுத்தா. அன்னிக்கே வூட்டுக்குப் போற வழில வேன் கவுந்து...”

அவர் முடிக்கவில்லை.

“கேமராவே மறுநாள் காலைலதான அண்ணாத்த வந்துச்சி?”

“அத வுடு. அவ காலாண்ட நீ இன்னாத்துக்குடா படுத்துகினு கீற? கண்ண மூடிகினு?”

அந்த வீட்டில் அன்று முழுக்க அவன் உட்காரக்கூட இல்லை.

“அண்ணாத்த... நான் எழுந்து சிரிச்சனா?”

லட்சுமணன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“ரோலு அங்கியே முடிஞ்சிட்ச்சிடா.”