சனிக்கிழமை அப்பா

ரவிக்குமார் அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை. பேசாதவன். வழக்கே அதுதான்.

விவாகரத்துக் கோர்ட்டில் அவன் மனைவி நித்யஸ்ரீ அதைச் சொன்னபோது நீதிபதியம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பேசறதில்லைன்னா? எப்ப இருந்து?"

"சொந்தமாப் போட்டிருந்த பட்டறைய மூடுனதுல இருந்துங்க. வேலைக்குப் போவாரு, வருவாரு, போட்டதச் சாப்புடுவாரு, செவுத்தப் பாத்து உக்காந்துக்குவாரு. நானும் பேசிப் பேசி வாய் ஓஞ்சு போனனுங்க. பொணத்துகூடக் குடும்பம் நடத்துனாப்ல இருக்குதுங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று ரவிக்குமாரிடம் கேட்டார் நீதிபதியம்மா. அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்கிறானா இல்லை என்கிறானா என்று அவனுடைய வக்கீலுக்கே விளங்கவில்லை.

மகள் யுவஸ்ரீ அம்மாவோடு இருக்க வேண்டியது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, கோடை லீவில் எல்லாச் சனிக்கிழமையும், அப்பா கூட்டிப் போய்ப் பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து விட வேண்டியது என்று முடிவானது. அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. கவுண்டம்பாளையம் பாலத்துக்கடியில் நித்யஸ்ரீ கொண்டுவந்து விடுவாள். அவன் பைக்கை நிறுத்தி நின்றிருப்பான். புருசன் பெஞ்சாதியாக இருந்தவர்கள் அங்கே பேசிக்கொள்வது இவ்வளவுதான்: "தொப்பி வெச்சிருக்கறா, வெயில்ல கழட்ட உடாதீங்க." "ம்."

முதல் சனிக்கிழமை மருதமலைக்குக் கூட்டிப் போனான். அடுத்தது உக்கடம் பெரியகுளத்தில் படகு. அப்புறம் ரேஸ்கோர்ஸ் நடைபாதை, வனக் கல்லூரி மியூசியத்தில் யானையின் எலும்புக்கூடு, ஆழியாறு அணை, அவிநாசித் தேர், கோடைப் பொருட்காட்சியில் ராட்டினமும் டெல்லி அப்பளமும். மாலில் ஏசி சும்மா கிடைக்கிறது என்று அங்கேயும் நாள் முழுக்கச் சுற்றியிருக்கிறார்கள். வாரம் பிறந்ததும், பட்டறையில் லேத் மெஷின் முன்னால் நிற்கும்போதே அவன் மனசு அடுத்த சனிக்கிழமைக்கு ஊரைச் சல்லடை போடும். பட்டறையில் கூட வேலை செய்கிறவர்கள், "நம்ம ரவி மாதிரி புள்ளயச் சுத்திக் காட்டறவன் இந்தக் கணபதி ஏரியாவுலயே இல்லப்பா" என்பார்கள்.

சுற்றிக் காட்டுவதற்கு வேறு காரணமும் இருந்தது. அது அவனுக்கு மட்டும் தெரியும். ஒரு இடத்துக்குப் போய்விட்டால் பேச வேண்டியதில்லை. படகு ஆடும், ராட்டினம் சுற்றும், குரங்கு வந்து பொரியைப் பிடுங்கும். பிள்ளை சிரிக்கும், அவன் பார்த்துக்கொண்டிருப்பான். இன்னொன்று, அவன் தங்கியிருந்த ரூம். கணபதியில் லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஒற்றை அறை. பிரியாணிக் கடையில் வேலை செய்யும் கலீல் ரஹ்மான் என்கிற ஐம்பது வயசுக்காரரோடு பங்கு. ஒரு பாய், ஒரு கட்டில், கயிற்றுக் கொடியில் இரண்டு பேர் துணி. ஒரு காலத்தில் மகளுக்கு ரோஸ் கலர் பெயிண்ட் அடித்துத் தனி ரூம் கொடுத்தவன் அவளை எந்த முகத்தோடு இங்கே கூட்டிவருவான்?

நித்யஸ்ரீ நர்ஸ். இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டே பரீட்சை எழுதி, அயர்லாந்தில் வேலை வாங்கிவிட்டாள். பிள்ளையையும் கூட்டிப் போக வேண்டும். அதற்கு அப்பன் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ரவிக்குமாருடைய வக்கீல் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இதப் பாருங்க, உங்களுக்கு இஷ்டமில்லைன்னா ஒரே வார்த்த சொல்லுங்க, போதும். பிள்ளை இங்கேயேதான் இருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க."

அவன் யோசித்தான். அங்கே பள்ளிக்கூடம் நன்றாக இருக்கும். இங்கே இருந்தால் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை. நித்யஸ்ரீ தனியாளாக எவ்வளவு தூரம் ஓடிவந்திருக்கிறாள். கையெழுத்துப் போட வேண்டிய நாளில், வேண்டாம் என்ற ஒற்றை வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எதிரே அவள் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டிக்கொண்டிருந்தாள். வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே வந்து வெயிலில் பைக் சீட்டின் மேல் கையை வைத்தபடி நின்றான். சீட் சுட்டது பிறகுதான் உறைத்தது.

மே மாதத்தில் அவர்களுக்குக் கிடைத்த கடைசிச் சனிக்கிழமை அது. அடுத்த வாரம் பயணம்.

கோவைக் குற்றாலம் போவதென்று வைத்திருந்தான். அவள் ரொம்ப நாளாகக் கேட்ட இடம். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் இல்லை, மழை, ஏதாவது ஒன்று. அந்த வாரம் மலையில் நல்ல மழை பெய்து அருவியில் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்டிருந்தான். வடவள்ளி தாண்டித் தொண்டாமுத்தூர் வழியாகப் போனார்கள். சனிக்கிழமை, கோடை லீவு, கல்யாண முகூர்த்தம் வேறு. ஊரே ரோட்டில் கிடந்தது. வேன், கார், மூன்று பேர் ஏறிய பைக், டெம்போவில் அண்டா குண்டானோடு ஒரு குடும்பம். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி மகளைப் போட்டோ எடுத்தான். தென்னந்தோப்புக்கு முன்னால், இளநீர்க் கடையில், மலையைக் காட்டி, மலையைக் காட்டாமல். யுவஸ்ரீயே சலித்துப்போனாள்.

"போதுங்ப்பா. முகமெல்லாம் வலிக்குது."

"இன்னொன்னே ஒன்னு, சாமி."

செக்போஸ்டுக்கு வெகு தூரத்துக்கு முன்னாலேயே வண்டிகள் நின்றுவிட்டன. வனக்காவலர் ஒருவர் வரிசை நெடுகச் சொல்லிக்கொண்டே நடந்து வந்தார். "யானைக் கூட்டம் பாதையில நிக்குதுங்க. குட்டியோட இருக்குது. இன்னைக்கு யாரையும் உட மாட்டம். திருப்பிக்கோங்க, திருப்பிக்கோங்க."

ரவிக்குமார் பைக்கை விட்டு இறங்கி அவர் பின்னால் ஓடினான். "ஏனுங்க, கொஞ்ச நேரம் கழிச்சாவது உடுவீங்களா? இந்தப் புள்ள வெளிநாடு போகுதுங்க. மறுபடி வர முடியாதுங்க." அவன் ஒரு அந்நியரிடம் இத்தனை வார்த்தை பேசி வருசக்கணக்காகிறது. காவலர் நல்ல மனுசன். குழந்தையைப் பார்த்தார். "எனக்கு ஆசைதானுங்க. யானைக்குத் தெரியுங்களா?" என்றார்.

திரும்பினார்கள். மருதமலை அடிவாரத்தில் திருவிழாக் கூட்டம். பெரியகுளத்துக்குப் போகலாமா என்று கேட்டான், அவள் உதட்டைப் பிதுக்கினாள். ஒரு புளியமரத்தடியில் நுங்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, அடுத்து எங்கே என்று தெரியாமல் நின்றான். ஊரில் இனி இடமில்லை என்று தோன்றியது.

யுவஸ்ரீ விரலைச் சூப்பிக்கொண்டே சொன்னாள்: "உங்க ஊட்டுக்குப் போலாமுங்களாப்பா?"

"அங்க ஒன்னுமில்ல, கண்ணு."

"இல்லாட்டிப் பரவால்லீங்க. நீங்க எங்க தூங்கறீங்கன்னு பாக்கணும்."

அவன் பைக்கைக் கணபதிப் பக்கம் திருப்பினான்.

கணபதியில் அன்று பகல் முழுக்கக் கரண்ட் இல்லை, மாதாந்திரப் பராமரிப்பு. எப்போதும் இரைந்துகொண்டே இருக்கும் பட்டறைகள் ஓய்ந்து கிடந்தன. மாடியில் கலீல் பனியனோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். குழந்தையைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து சட்டையை மாட்டினார். "நம்ம பாப்பாவா? போட்டோல பாத்ததவிட வளந்திருச்சே!" என்றவர், தண்ணீர்க் குடத்தை எடுத்து வாசலிலும் தரையிலும் நன்றாகத் தெளித்து, கட்டிலின் மேல் தன்னுடைய துவைத்த போர்வையை விரித்தார். "எனக்கு உக்கடத்துல ஒரு ஜோலி இருக்கு ரவி. வர நேரமாகும்." அவருக்கு ஜோலி ஒன்றும் இல்லை என்று ரவிக்குமாருக்குத் தெரியும்.

யுவஸ்ரீ ரூமைச் சுற்றிப் பார்த்தாள். பார்க்க நேரம் பிடிக்கவில்லை. கொடியில் தொங்கிய அப்பாவின் பட்டறைச் சட்டையை முகர்ந்து மூக்கைச் சுளித்துச் சிரித்தாள். ரவிக்குமார் ஸ்டவ் பற்றவைத்துத் தக்காளிச் சோறு செய்தான். அடி பிடித்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். பிறகு அவள் கட்டிலில் படுத்துக்கொண்டாள். ஷீட்டிலிருந்து வெக்கை இறங்கியது. காலண்டர் அட்டையைக் கழற்றி அவன் விசிறினான்.

"அப்பா."

"ம்?"

"நீங்க வேண்டாம்னு சொல்லீருந்தா நாங்க போக முடியாதாமுங்க. மாமா சொன்னாங்க."

விசிறிய கை நின்றது.

"ஏன் சொல்லலீங்ப்பா?"

அவன் வாயைத் திறந்தான். உன் நல்லதுக்குத்தான் என்று சொல்லலாம். அது உண்மைதான், ஆனால் முழுசும் அதுவல்ல என்று அவனுக்கே தெரிந்தது. "அங்கத்த ஸ்கூல் நல்லாருக்கும் சாமி" என்று மட்டும் வந்தது.

"எங்கிட்ட ஒரு தடவகூட நீங்க கேக்கல."

அவள் அழவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. பதிலுக்காகக் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். அப்புறம் சுவர்ப் பக்கமாகப் புரண்டு படுத்தாள். அலைந்த அலுப்பு, மூச்சு சீராகிவிட்டது.

அவன் விசிறிக்கொண்டே இருந்தான். வெயில் கதவிலிருந்து இறங்கி, படியைத் தாண்டி, மாடிச் சுவரில் ஏறியது. கிளம்ப வேண்டிய நேரம் வந்ததும் தெரியும், போனதும் தெரியும். செல்போன் காலையில் எடுத்த போட்டோக்களிலேயே செத்துப்போய்க் கிடந்தது. சார்ஜ் போடக் கரண்ட் இல்லை. கீழே இறங்கிப் போய் ஹவுஸ் ஓனரிடம் போன் வாங்கிச் சொல்லியிருக்கலாம். அதற்குக் கட்டிலை விட்டு எழ வேண்டும். அவன் எழவில்லை.

பொழுது மங்கும் நேரத்தில் படியில் காலடிச் சத்தம் தடதடவென்று கேட்டது. நித்யஸ்ரீயும் அவள் தம்பி அன்புமணியும். கோர்ட் காகிதத்தில் இருந்த விலாசத்தை வைத்து, பட்டறை பட்டறையாகக் கேட்டு வந்திருந்தார்கள். அன்புமணி மேலேறும்போதே கத்தினான். "போனை அணைச்சுப் போட்டுப் புள்ளைய எங்கய்யா ஒளிச்சு வெச்சிருக்கற? கம்ப்ளைண்ட் குடுத்தா உள்ளதான் போவ, தெரியுமில்ல?"

ரவிக்குமார் உதட்டில் விரலை வைத்தான். "தூங்குது."

நித்யஸ்ரீ வாசலிலேயே நின்றுவிட்டாள். பாலத்துக்கடியில் காத்து நின்று, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போன் போட்டுப் பார்த்தவள் அவள். கண்கள் சிவந்திருந்தன. மகள் கால் விரித்துத் தூங்குவதைப் பார்த்தாள். அட்டையைப் பிடித்த கையைப் பார்த்தாள். ஷீட்டை, கொடியை, கருகிய சட்டியைப் பார்த்தாள். தம்பியின் கையைப் பிடித்து, "நீ கீழ இரு" என்றாள். உள்ளே வந்து கட்டிலின் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க" என்றாள். புருசனைக் கூப்பிடுகிற சொல், கோர்ட் வாசல் மிதித்த பிறகு அவள் வாயிலிருந்து வராத சொல். "இங்கதான் இருக்கறீங்களா, இத்தன நாளும்?"

"ம்."

"சொல்லவே இல்லீங்களே."

அவன் விசிறினான். அவள் பிள்ளையின் நெற்றியில் வேர்வையோடு ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"எழுப்பட்டுங்களா?" என்று அவள்தான் கடைசியில் கேட்டாள். "சாமான் கட்ட வேண்டியது இன்னும் கெடக்குது."

தூக்கக் கலக்கத்தில் இருந்த யுவஸ்ரீயை அன்புமணி தோளில் போட்டு இறக்கினான். அவள் கண்ணைத் திறக்கவில்லை, போய்வருகிறேன் என்றும் சொல்லவில்லை. செருப்பை மறந்துவிட்டார்கள் என்று ரவிக்குமார் பின்னாலேயே எடுத்துக்கொண்டு ஓடி, காரின் கண்ணாடி வழியாக நித்யஸ்ரீயிடம் கொடுத்தான். கார் சந்து திரும்பியது. அப்போதுதான் கரண்ட் வந்தது.

போய்ச் சேர்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ கால் வந்தது. யுவஸ்ரீ புது ஸ்கூலைக் காட்டினாள், மழைக்கோட்டைக் காட்டினாள், மானசா என்று ஒரு தெலுங்குக்காரச் சிநேகிதியைக் காட்டினாள். ரவிக்குமார் ஞாயிறு ஓவர்டைமை விட்டுவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு போன் முன்னால் உட்காருவான். லேத்தில் இரும்பு சீவிக்கொண்டிருக்கும்போதெல்லாம், அந்தக் கேள்விக்கு உண்டான பதிலை மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். எனக்குப் பேச வராது கண்ணு, வேண்டாம்னு சொன்னா அதுக்கு மேல ஆயிரம் பேசணும், அதுக்குப் பயந்துட்டேன், உன்னையக் கேட்டிருக்கணும். இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று வைத்திருந்தான். மெஷின் இரைச்சலில் வாய்விட்டே சொல்லிப் பார்த்தான். சரியாகத்தான் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கலீலும் வெளியே போயிருந்த நேரத்தில், துணிந்துவிட்டான்.

"கண்ணு, அன்னைக்கு ஒன்னு கேட்டீல்ல? நம்ம ரூம்ல, படுத்துட்டு?"

யுவஸ்ரீ திரையில் நெற்றியைச் சுருக்கினாள். பின்னால் யாரோ அவளை விளையாடக் கூப்பிட்டார்கள். "என்னதுங்ப்பா? நாவகமில்லீங்க."

"யோசிச்சுப் பாரு."

"இல்லீங்ப்பா, நெசமாவே தெரீல. நீங்களே சொல்லுங்க."

அவன் வாயைத் திறந்தான். பிள்ளை ஒரு கண்ணை அப்பா மேலும் ஒரு கண்ணை வாசல் மேலும் வைத்துக் காத்திருந்தது.

"ஒன்னுமில்ல சாமி" என்றான் ரவிக்குமார். "கூப்புடறாங்க பாரு, போ."