நட்சத்திரம் கட்டாத வீட்டிலிருந்து மாடம்பாக்கம் வரை

டிசம்பர் 24, பிற்பகல் மூன்று மணி. ஊரப்பாக்கம் ரயில் நிலையத்தில் தாம்பரத்துக்கு ஐந்து ரூபாய் கொடுத்து டிக்கெட் எடுத்தேன். மாடம்பாக்கம் வரை மொத்தமே பதினைந்து கிலோமீட்டர் போலத்தான். இதைப் போய் பயணம் என்று எழுதுகிறானே என்று சிரிப்பீர்கள். ஊர் சுற்றிப் பார்க்க நான் கிளம்பவில்லை. என் வீட்டிலிருந்து தப்பித்து ஓடினேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஒரே மகன் ஜோயல் ஜூன் மாதம் ஜி.எஸ்.டி. சாலையில் லாரி மோதி இறந்துபோனான். இருபத்துமூன்று வயது. சாவு விழுந்த வீட்டில் முதல் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டமாட்டோம், கேக் செய்யமாட்டோம். எங்கள் சபையில் இன்னொரு வழக்கமும் உண்டு. வீடு வீடாகப் பாடிவரும் கேரல் வேன், துக்க வீட்டை நெருங்கும்போது பாட்டையும் டிரம்மையும் நிறுத்திவிடும். தாண்டிய பிறகுதான் மறுபடி தொடங்கும். மரியாதைக்காகத்தான் செய்கிறார்கள். ஆனால் போன வருஷம் வரை அந்த வேனில் டிரம் அடித்தவனே ஜோயல்தான். இன்று சாயங்காலம் அவன் கூட்டாளிகள் என் வாசலில் சத்தமில்லாமல் நகர்ந்து போவார்கள். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார எனக்குத் தெம்பில்லை.

என் மனைவி எஸ்தரையும் கூப்பிட்டேன்.

"நான் வரல. நீங்க போய்ட்டு வாங்க."

ஜூனுக்குப் பிறகு அவள் பேசுவது அவ்வளவுதான். அடக்கம் அன்றுகூட அவள் அழவில்லை. மறுநாள் விடியற்காலை ஆராதனைக்குப் போவதில்லை என்று நான் முடிவு செய்திருந்ததை அவளிடம் சொல்லவில்லை. இந்த வருஷம் போகாவிட்டால் இனி எந்த வருஷமும் போகமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம். பெட்டி முழுக்கத் துணிக்கடைப் பைகள். எதிரே ஒரு குழந்தை சிவப்புக் குல்லாய் போட்டுக்கொண்டு வியர்த்து வழிந்தது. தாம்பரம் மேற்கில் இறங்கிக் கடைத்தெருவில் சாமந்தியும் மெழுகுவர்த்தியும் வாங்கினேன். கடைக்கு வெளியே குடில் பொம்மைகள் அடுக்கி வைத்திருந்தார்கள்.

"செட்டு பாக்குறீங்களா சார்? மாதா, சூசையப்பர், ராஜா மூணு பேரு, ஒட்டகம், ஆடு, எல்லாம் வந்துடும்," என்றாள் கடைப் பெண்.

"வேண்டாம்மா," என்று நகர்ந்தேன். எல்லாம் எங்கே வந்தது? அரண்மனையில் போய் விசாரித்த அந்த ராஜாக்களால்தானே ஏரோது மன்னனுக்கு இயேசு பிறந்த விஷயமே தெரிந்தது. அப்புறம் அந்தப் பாலகனைத் தேடிப் பெத்லகேமில் அவன் கொன்ற பிள்ளைகளுக்கும், பெற்றவர்களுக்கும் எந்தக் குடிலிலும் பொம்மை கிடையாது. ஐம்பத்தெட்டு வருஷமாகக் குடில் பார்க்கிறேன், அன்றுதான் எனக்கே அது உறைத்தது.

பாலம் ஏறிக் கிழக்கே இறங்கி, மாடம்பாக்கத்துக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன். இருபது ரூபாய். டிரைவர் பாட்டை அலறவிட்டிருந்தார். சேலையூர் தாண்டியதும் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"இன்னா சார், பூவெல்லாம் வாங்கிக்கினு! ஹேப்பி கிறிஸ்மஸ். சர்ச்சுக்கா?"

"கல்லறைக்கு. பையன்."

அவர் கை தானாகப் போய்ப் பாட்டை அணைத்தது. "சாரி சார்," என்றார். ராஜகீழ்பாக்கம் வரை பாட்டில்லாமலே ஓட்டினார். நல்ல மனுஷன்தான். ஆனால் எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆறு மாதமாக நான் போகிற இடத்திலெல்லாம் இப்படித்தான் சத்தம் அணைகிறது.

கல்லறைத் தோட்டம் மாடம்பாக்கம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மழைத் தண்ணீர் முழுதாக வடியவில்லை. ஜோயலுக்கு இன்னும் சிமென்ட் பூசவில்லை, மண்மேடுதான். ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. கையால் மண்ணை அள்ளிப் போட்டேன். மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவில்லை. ஜெபம் வரவில்லை. "ஏன்டா ஹெல்மெட் போடல?" என்று அவனைத் திட்டினேன், அப்புறம் ஆண்டவரைத் திட்டினேன். வாய்விட்டுத்தான்.

திட்டி ஓய்ந்தபோது அந்தப் பெத்லகேம் தகப்பன்கள் நினைவில் வந்து நின்றார்கள். அன்று தப்பித்த அந்தப் பாலகனும் கடைசிவரை தப்பவில்லை. முப்பத்துமூன்று வயதில் அவனையும் கொன்றார்கள், பெற்றவள் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆக, நான் திட்டிக்கொண்டிருந்தவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்தான். இதில் ஆறுதல் ஒன்றும் இல்லை. ஆனால் மண்மேட்டருகே நான் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை என்று தோன்றியது. அதற்குமேல் சொன்னால் பொய்யாகிவிடும்.

இருட்டத் தொடங்கியதும் கிளம்பினேன். வேன் எங்கள் தெருவைத் தாண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் திரும்பினேன். தெருமுனையில் திரும்பியதும் கால் நின்றுவிட்டது. எங்கள் வாசலில் நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. போன வருஷம் ஜோயல் மூங்கில் பிளந்து ஒட்டிய அதே நட்சத்திரம். அதன் கீழே கேரல் வேன்.

வீட்டுக்காரர் கன்னியப்பன் ஓடிவந்தார். இந்த இடத்தில் முன்பு அவருக்கு வயல் இருந்தது. இப்போது மூன்று போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டுவிட்டுக் கீழே குடியிருக்கிறார்.

"சார், வருசா வருசம் தம்பி கட்டுவான். இந்த வாட்டி வூடு இருட்டா கீதேன்னு நான்தான் மாடிப்படி அடியில கிடந்தத எடுத்துக் கட்டிவுட்டேன். உங்காளுங்கள்ல கட்டக்கூடாதாமே? எனக்குத் தெரியாது சார்."

ஜோயலின் கூட்டாளி டேனியல் டிரம் குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான். "ஸ்டார் இருந்ததால கூப்பிட்டிருக்கீங்கன்னு நினைச்சு அடிச்சிட்டோம் அங்கிள். மன்னிச்சிடுங்க. கிளம்பிடுறோம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நட்சத்திரத்தைப் பிடுங்கப் படியேறினேன். எஸ்தர் கதவருகே நின்றிருந்தாள்.

"அவர் கட்டும்போது நீ பாக்கலயா?"

"பாத்தேன்."

"வேண்டாம்னு சொல்றதுக்கென்ன?"

"நிறுத்திட்டுப் போவாங்களே, அத என்னால தாங்க முடியாதுங்க." பிறகு என்னைத் தாண்டி வேனைப் பார்த்தாள். "டேனி, டிரம் அடிச்சே பாடுங்கப்பா. அவன் அடிக்கிற மாதிரி நல்லா அடி."

டேனியல் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். முதல் அடி விழுந்ததும் எஸ்தர் படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அடக்கத்தன்று அழாத அழுகை. பையன்கள் பயந்துபோய்ப் பாட்டைத் தாழ்த்தினார்கள். அவள் கையை உயர்த்தி, நிறுத்தாதே என்று காட்டினாள். கன்னியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார்.

வேன் போன பிறகும் அவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையிலிருந்த மண்ணைப் பார்த்தாள்.

"மழையில மேடு உள்வாங்கிடுச்சா?"

"ஒரு பக்கம். மண்ணு போட்டுட்டு வந்தேன்."

"காலையில ஆராதனை முடிஞ்சு நானும் வர்றேன். அலாரம் வைங்க."

வைத்தேன்.